வேரில் முடிச்சு: நூற்புழு பற்றி நீங்கள் கேட்டவை

தென்னைக்கு இடையில் கொஞ்சம் சோயா போட்டுப் பார்த்தேன். பிடுங்கினால் வேர் முழுக்க உருண்டை. நூற்புழுதானே? (மார்த்தாண்டம்)

மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். நூற்புழு என்பது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புழு. உருண்டையை நகத்தால் தள்ளிப் பாருங்கள். சட்டென்று உதிர்ந்து, நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது ரைசோபியம் என்ற நல்ல பாக்டீரியாவின் முடிச்சு. செடிக்குத் தழைச்சத்து பிடித்துக் கொடுப்பதே அதுதான். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும். தள்ளினால் உதிராது, இழுத்தால் வேர்தான் அறும். நாம் இரண்டையும் 'வேர்முடிச்சு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், பாதிக் குழப்பம் அதனால்தான்.

நாலு சோயா ரகத்தின் விதை கையில் இருக்கிறது. எது நூற்புழுவைத் தாங்கும் என்று வீட்டிலேயே சோதிக்கலாமா? (தக்கலை)

ஓரளவுக்குச் சோதிக்கலாம். மண்ணும் மணலும் கலந்து நன்றாக வேகவைத்து, ஆறியதும் தொட்டியில் நிரப்புங்கள். ரகத்துக்கு ஐந்து தொட்டியாவது வேண்டும். கூடவே ஐந்து தொட்டியில் நாட்டுத் தக்காளி நடுங்கள். 'சோயா சோதனையில் தக்காளி எதற்கு?' என்று கேட்பீர்கள். வேர்முடிச்சு நூற்புழு அதில் சுலபமாக ஏறும். அது இல்லாமல், எல்லா வேரும் சுத்தமாக வந்துவிட்டால் ரகம் வலுவானதா, இல்லை நீங்கள் விட்ட புழு செத்துப்போனதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

நாற்று பத்து நாள் ஆனதும், நூற்புழு முடிச்சு விழுந்த வேரைப் பொடியாக நறுக்கி எல்லாத் தொட்டிக்கும் ஒரே எடையில் மண்ணில் கலந்து விடுங்கள். ஆய்வகத்தில் முட்டையையே எண்ணி விடுவார்கள். 45 நாள் கழித்துத் தொட்டியை வாளித் தண்ணீரில் கவிழ்த்து மண்ணைக் கரைக்க வேண்டும். பிடுங்கினால் சல்லிவேர் தொட்டியிலேயே நின்றுவிடும். இனி எண்ணுங்கள், ரைசோபியத்தைச் சேர்க்காமல். ஒன்றுமே இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு முடிச்சுக்கு 1, பத்து வரை 2, முப்பது வரை 3, நூறு வரை 4, அதற்கு மேல் 5. தக்காளி 4, 5 காட்டும்போது ஒரு ரகம் 2-ஐத் தாண்டாவிட்டால் அதை நம்பலாம். இலை பச்சையாக இருப்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புழுவை வயிறார வளர்த்துக்கொண்டே செழிப்பாக நிற்கும் செடியும் உண்டு. அடுத்த பயிருக்குத்தான் அதன் வினை. அப்புறம், அந்த மண்ணைத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள், கொதிநீர் ஊற்றுங்கள்.

நூற்புழு எதிர்ப்பு என்று பாக்கெட்டில் போட்ட தக்காளியைச் சித்திரையில் நட்டேன். வேரெல்லாம் முடிச்சு. ஏமாற்றிவிட்டார்களா? (குலசேகரம்)

ஏமாற்று என்று உடனே சொல்ல மாட்டேன். எதிர்ப்புத் தக்காளிகளில் பெரும்பாலும் இருப்பது 'எம்ஐ' என்ற மரபணு. மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அதன் வேலை தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் நம் மண் அதற்குக் கீழே எங்கே நிற்கிறது? அதே ரகத்தை ஐப்பசி மழைக்குப் பிறகு, மூடாக்குப் போட்டு நட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் எதிர்ப்பு சோயா ரகத்தை வைத்தே சமாளிக்கிறார்களாமே? (அருமனை)

அங்கே தொல்லை சிஸ்ட் (முட்டைக்கூடு) நூற்புழு, நம் வேர்முடிச்சு நூற்புழு அல்ல, வேறு இனம். 1954-ல் வட கரோலினாவில் கண்டுபிடித்தார்கள். எளிதில் பாதிக்கப்படும் ரகத்தின் வேரில் 100 பெண்புழு வந்தால், சோதிக்கும் ரகத்தில் 10-க்கும் குறைவாக வர வேண்டும், அதுதான் அவர்கள் கணக்கு. ஆனால் பல பத்தாண்டாக எதிர்ப்புக்கு 'பிஐ 88788' என்ற ஒரே சோயா மூலத்தையே நம்பியதால் புழு அதிலும் பெருகப் பழகிவிட்டது. ஒன்றுக்கு எதிர்ப்புள்ள ரகம் மற்றதையும் தடுக்கும் என்று நினைக்கவும் வேண்டாம்.

கிரேந்தி (செண்டுமல்லி) நட்டால் நூற்புழு போகுமா? (தோவாளை)

குறையும். வரப்போரம் நாலு செடி போதாது, வயல் முழுக்க நெருக்கி இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். பூவை எங்கே விற்பது என்று தோவாளைக்காரருக்கு நான் சொல்லவா!

ஏத்தன் வாழை மண்ணைச் சோதிக்க எப்படி எடுப்பது? (திருவட்டாறு)

வேர் ஓடும் இடத்தில், முக்கால் அடி ஆழத்தில், சல்லிவேரோடு எடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி நிழலில் வைத்து, அன்றே திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். வெயிலில் காயவைத்துக் கொண்டுபோனால் புழு வழியிலேயே செத்துவிடும்.