கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் மகனின் சம்மதம் செல்லுமா?

கேள்வி: 16 வயதான என் மகன், சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் உத்தரவின்பேரில் அரசு கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். அடுத்த வாரம் அங்கே டி.டி. தடுப்பூசி போடப் போகிறார்களாம். என்னிடம் கையெழுத்து கேட்கவில்லை. அவனே சம்மதித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். "பயத்தில் தலையாட்டினேன்" என்கிறான் அவன். இது செல்லுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகனின் சம்மதத்தைச் சட்டம் ஒரே அளவுகோலால் அளப்பதில்லை. 1875ஆம் ஆண்டின் இந்திய வயது வந்தோர் சட்டப்படி 18 வயது நிறையும்வரை அவன் மைனர். மருத்துவமனைகள் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்பது இதனால்தான். குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவோ, 12 வயது நிறையாதவரின் சம்மதத்தைத்தான் வயதைக் காரணமாக்கிப் பொதுவாக ஏற்க மறுக்கிறது. இடைப்பட்ட வயதினர் சிகிச்சைக்குத் தாமே சம்மதிக்கலாமா என்று தெளிவாகச் சொல்லும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. பிரிட்டனில் 1985ஆம் ஆண்டின் கில்லிக் தீர்ப்பு, விஷயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளக்கூடியவராக இருந்தால் 16 வயது நிறையாதவரும் சம்மதிக்கலாம் என்றது. அப்படியொரு தெளிவு இங்கும் வேண்டும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, குழந்தை யாரிடம் ஒப்படைக்கப்படுகிறதோ அவருக்குப் பெற்றோரைப் போன்ற பொறுப்பைத் தருகிறது. ஆகவே, உங்கள் கையெழுத்து இல்லை என்பதை மட்டும் வைத்து ஊசியைச் சட்டவிரோதம் என்று வாதிடுவது எளிதன்று. ஆனால் அதே சட்டத்தின் 8ஆவது பிரிவு, நடவடிக்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையும் பெற்றோரும் விவரம் அறிந்து பங்கேற்பதைக் குழுமமே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2022 மே 2 அன்று, கொரோனா தடுப்பூசி வழக்கில், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் அரசியலமைப்பின் 21ஆவது உறுப்பைக் காட்டிச் சொல்லியிருக்கிறது. பூட்டிய கதவுக்குள், அதிகாரிகளின் முன்னால், பயந்துபோன பிள்ளை தலையாட்டியதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஊசியைப் பற்றி அஞ்ச வேண்டாம். ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரான இது, தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 10, 16 வயதுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடப்படுவதுதான். அவன் போட்டுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்திருந்தால் அதை இன்றே கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மருத்துவர் அவனிடம் தனியாகப் பேசி விளக்கிய பிறகே ஊசி போட வேண்டும் என்று குழுமத்துக்கும் ஒரு மனு எழுதுங்கள். மனு எழுத மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்; பெண் என்ற முறையில் உங்களுக்கும், குழந்தை என்ற முறையில் அவனுக்கும் வருமான வரம்பின்றி அந்த உரிமை உண்டு. தொலைபேசி எண் 15100.