புயல் எச்சரிக்கை வந்ததும் சர்வரைப் பத்திரமாக நிறுத்த, சொந்தமாக ஒரு கட்டளை எழுதுவது எப்படி?

கேட்டிருப்பது இதுதான்: கடலூரில் சின்ன அலுவலகம், உபுண்டு சர்வர் ஒன்று, அதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும். புயல் எச்சரிக்கை வந்தால் பேக்கப் எடுத்து, வெளியூர் சர்வருக்கு அனுப்பி, எல்லாவற்றையும் நிறுத்துவதற்குள் எட்டு கட்டளைகளை ஒவ்வொன்றாக அடிக்க வேண்டியிருக்கிறது. நீளமான கட்டளைக்குச் செல்லப் பெயர் வைக்கும் அலையஸ் போட்டுவிட்டால் போதுமா?

போதாது. நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது ஷெல்; நீங்கள் உட்கார்ந்து தட்டுகிற அந்த ஷெல்லுக்குள் மட்டும்தான் அலையஸ் செல்லும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானுக்கு அது தெரியாது, ரூட் என்ற தலைமைப் பயனரின் அதிகாரத்தில் கட்டளையை ஓட்டும் சுடோவுக்கும் தெரியாது. புதுச்சேரியிலிருந்து ஒருவர் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பில் ஒற்றை வரியாக அனுப்பினாலும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்றுதான் வரும். 2011 டிசம்பர் 30 தானே புயலும் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலும் நம் கரையில்தான் ஏறின. அப்படிப்பட்ட நாளில் சர்வர் முன்னால் யார் இருப்பார் என்று சொல்ல முடியாது. யார் தட்டினாலும் ஒரே மாதிரி நடக்கிற கட்டளைதான் வேண்டும்.

கட்டளைக்கு ‘புயல்’ என்றே பெயர் வைக்கலாம். கோப்புப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க லினக்ஸ் இடம் கொடுக்கும். ஆனால் சர்வரின் மானிட்டரில் வரும் கறுப்புத் திரையில் தமிழ் தெரியாது, அடிக்கவும் வராது. அதனால் பி-யு-ஒய்-ஏ-எல் என்று ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். கீழே நான் தமிழில் எழுதும் கட்டளைகளையும் அப்படியே ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பெயரை முடிவு செய்யும் முன் ‘டைப் -ஏ’ போட்டு அந்தப் பெயரில் வேறு எதுவும் இல்லை என்று பாருங்கள். ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு; அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை.

கோப்பை வைக்க வேண்டிய இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/எஸ்பின். உரிமையாளர் ரூட், அனுமதி 755. வீட்டு டைரக்டரியில் இருக்கும் பின் ஃபோல்டரில் வைத்தால் சுடோ கண்டுகொள்ளாது. அது தனக்கென்று வைத்திருக்கும் செக்யூர்பாத்தில் மட்டும்தான் தேடும். கிரானில் போடுவதானால் முழுப் பாதையையும் எழுதுங்கள். முதல் வரி பேஷ் ஷிபாங், அதாவது இந்தக் கோப்பை பேஷ் ஷெல்தான் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி. விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்தால் வரி முடிவில் ஒளிந்திருக்கும் கேரேஜ் ரிட்டர்ன் ‘பேஷ்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு, ‘நோ சச் ஃபைல்’ என்று பிழை காட்டும். டாஸ்டூயூனிக்ஸ் ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

உள்ளே ஒரு கேஸ் பிளாக் போதும்: நிலை, பிரதி, நிறுத்து, மீட்பு என்று நான்கு துணைக் கட்டளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன். எதுவும் தராமல் தட்டினால் பயன்பாட்டுக் குறிப்பைக் காட்டி 2 என்ற எக்ஸிட் கோடோடு வெளியேற வேண்டும். வெறும் ‘புயல்’ என்று தட்டியதற்கே சர்வர் அணைந்துவிடக் கூடாது.

நிறுத்தும் வரிசை: முதலில் என்ஜின்எக்ஸ், அப்போதுதான் புதிதாக எதுவும் எழுதப்படாது. பிறகு டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு கோப்பாக எடுப்பது), ஆர்சிங்க் கொண்டு வெளியூர்ப் பிரதி, மைஎஸ்க்யூஎல் நிறுத்தம், கடைசியாகப் பவர்ஆஃப்.

டம்ப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் தருவதை, சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்குப் பைப் செய்து கோப்பாக்குவது வழக்கம். டம்ப் தோற்றுப்போனாலும் ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காக முடித்து 0, அதாவது வெற்றி, என்று சொல்லும். ஷெல்லும் பைப்பின் கடைசிக் கட்டளையைத்தான் பார்க்கும். டிஸ்க்கில் ஒரு கோப்பு இருக்கும், தேதியும் சரியாக இருக்கும். ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பார்த்தால் அளவு 20 பைட். வெறுமையை ஜிஜிப் செய்தால் வருகிற அளவு அதுதான். ‘ஜிஜிப் --டெஸ்ட்’ கூட அதைச் செல்லும் கோப்பு என்றே சொல்லும். பேக்கப்பே இல்லையென்றால் அது தெரிந்துவிடும். இது இருப்பதாக நம்ப வைக்கும், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட் -இயூஓ பைப்ஃபெயில்’ கட்டாயம்: பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று கணக்காகும், -இ அங்கேயே நிறுத்தும். டம்ப்பை .பார்ட் என்ற தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். அதை ஜிகேட்டில் விரித்து, கடைசி வரியில் ‘டம்ப் கம்ப்ளீட்டட்’ இருக்கிறதா என்று பார்த்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுங்கள்.

-இ இருக்கிறதே என்று முழுதாக நம்பவும் வேண்டாம். ஒரு ஃபங்ஷனை இஃப்பின் நிபந்தனையாகவோ இரட்டைக் குழாய்க் குறிக்கு (||) முன்னாலோ அழைத்தால் அதற்குள் -இ வேலை செய்யாது. நடுவில் ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். முக்கியமான வரிகளில் ‘தோற்றால் ரிட்டர்ன் 1’ என்று நேராகவே எழுதுங்கள்.

உபுண்டுவில் ரூட் பயனர் கடவுச்சொல் இல்லாமலே மைஎஸ்க்யூஎல்லுக்குள் போகலாம், அதனால் ஸ்கிரிப்டில் கடவுச்சொல் எழுத வேண்டாம். டம்ப் முழுவதையும் ஒரே கணத்தின் நிலையாக எடுக்கும் ‘சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்’ இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான் பயன்படும். மைஐசாம் என்ற பழைய வகை டேபிள்கள் இருந்தால் என்ஜின்எக்ஸை முதலில் நிறுத்துவது இன்னும் அவசியம். டம்ப் தோற்றால் அங்கேயே நின்று, ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலும் ஓடும்படி குறித்துவைக்கும் டிராப் (trap) மூலம் என்ஜின்எக்ஸை மறுபடி கிளப்பிவிட்டு, சத்தமாகச் சொல்ல வேண்டும். ஆர்சிங்க் தோற்றால் குறித்துக்கொண்டு மேலே போகலாம். நெட் போவது அன்றைக்கு எதிர்பார்த்ததுதான். ஆர்சிங்க்குக்கு ‘பார்ஷியல்’, ‘டைம்அவுட் 60’ இரண்டையும் கொடுங்கள்.

சுடோவில் ஓடும்போது ஆர்சிங்க் ரூட்டின் எஸ்எஸ்ஹெச் சாவியைத்தான் எடுக்கும், உங்களுடையதை அல்ல. ரூட்டாக ஒருமுறை வெளியூர் சர்வரில் நுழைந்து ‘யெஸ்’ சொல்லி வைக்காவிட்டால், டெர்மினல் இல்லாத நேரத்தில் ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’ என்று நின்றுவிடும்.

-என் கொடுத்தால் எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் காட்டும் ஒத்திகையும் வேண்டும். ‘ஓட்டு’ என்று ஒரு ஃபங்ஷன் எழுதி எல்லாக் கட்டளைகளையும் அதன் வழியாக அனுப்பலாம். ஒரு பொறி: ‘ஓட்டு’ வரியின் கடைசியில் பெரியது குறி (>) போட்டுக் கோப்புக்குத் திருப்பினால், ஒத்திகையிலும் அந்தக் கோப்பு அழிந்து காலியாகும், ஏனென்றால் திருப்புவது ஷெல், அதுவும் ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்பே. டம்ப் வரியை முழுதாகத் தனி ஃபங்ஷனுக்குள் வைத்து, அந்தப் பெயரை மட்டும் ‘ஓட்டு’க்குக் கொடுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டிவிடாமல் ‘எஃப்லாக் -என்’ என்ற பூட்டைப் போடுங்கள். மொபைல் நெட்டில் நுழைந்து ஓட்டுபவர், இணைப்பு அறுந்தால் ஸ்கிரிப்டும் பாதியில் செத்துப்போகும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ‘சிஸ்டம்டி-ரன்’ வழியாக ஓட்டினால் இணைப்புப் போனாலும் வேலை முடியும், பதிவும் ஜர்னலில் இருக்கும்.

மற்றவர்களுக்கு இந்த ஒரு கட்டளைக்கு மட்டும் சுடோ உரிமை கொடுக்க, சுடோ விதிகள் இருக்கும் சுடோயர்ஸ்.டி டைரக்டரியில், அந்த விதிகளைப் பிழை பார்த்துத் திருத்தும் கருவியான விசுடோ கொண்டு தனிக் கோப்பு எழுதுங்கள். கோப்புப் பெயரில் புள்ளி இருந்தால் சுடோ அதைப் படிக்காமல் தாண்டிவிடும். ஸ்கிரிப்டை ரூட் தவிர யாரும் திருத்த முடியக் கூடாது. வேறு யாராவது திருத்த முடிந்தால், அவர்களிடம் ரூட்டையே தூக்கிக் கொடுத்ததற்குச் சமம்.

ஸ்கிரிப்டுக்கு வெளியே ஒரு வேலை: பயாஸில் ‘ஏசி பவர் லாஸ்’ அமைப்பை ‘ஆஃப்’ என்று வையுங்கள். ‘ஆன்’ என்று இருந்தால், புயல் கடந்து கரண்ட் வந்து வந்து போகும்போது, நீங்கள் பத்திரமாக அணைத்த சர்வர் ஒவ்வொரு முறையும் தானாக எழுந்து, மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழும். அக்டோபரில் மழை தொடங்கும் முன் ‘புயல் பிரதி’யை ஓட்டி, வந்த கோப்பை வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, பெரிய டேபிளின் வரி எண்ணிக்கையை அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.