ஹெச்.எம். நுழைந்தால் ஸ்டாஃப் ரூம் ஏன் அடங்கிப்போகிறது?

கேள்வி: மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஒரு வருடமாகத் தலைமை ஆசிரியை. பயிற்சியில் ‘சேவைத் தலைமை’ பற்றி, அதாவது தலைவர் முதலில் கூட இருப்பவர்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்று சொன்னார்கள், பிடித்துப்போய் அப்படியே நடக்கிறேன். காலையில் முதல் ஆளாகக் கேட்டில் நிற்பேன், யாராவது லீவு என்றால் அந்த வகுப்புக்கு நானே போவேன், பள்ளி விவரங்களை ஆன்லைனில் ஏற்றும் எமிஸ் பதிவையும் நானே முடிப்பேன், ஆசிரியர்கள் எடுத்த வினாத்தாளையும் திருத்திக் கொடுப்பேன். ஆனாலும் நான் ஸ்டாஃப் ரூமுக்குள் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

பதில்: அந்த வினாத்தாளில்தான், டீச்சர். கேட்டில் நிற்பது நல்ல விஷயம், அதை விடாதீர்கள். ஆனால் பதினைந்து வருடமாகக் கணக்கு எடுக்கிறவர் போட்ட கேள்வியை நீங்கள் அழித்து எழுதினால் அவர் அதை உதவியாகவா எடுத்துக்கொள்வார்? ‘என்னை நம்பவில்லை’ என்றுதான் நினைப்பார், அதுவும் சரிதானே.

சேவைத் தலைமை என்ற பேச்சை 1970-ல் ஒரு கட்டுரை மூலம் கிளப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவர், வாத்தியார் இல்லை. தலைவர் எவ்வளவு வேலை இழுத்துப்போட்டுச் செய்கிறார் என்பதையா அவர் அளந்தார்? கூட இருப்பவர்கள் வளர்கிறார்களா, சொந்தமாக முடிவெடுக்கத் துணிகிறார்களா என்றுதான் பார்க்கச் சொன்னார். உங்கள் பள்ளியில் உங்களைத் தவிர எமிஸ் தெரிந்தவர் எத்தனை பேர்?

சிகாகோ பள்ளிகளைப் பல வருடம் ஆராய்ந்த பிரைக், ஷ்னைடர் இருவரும் 2002-ல் எழுதிய புத்தகத்தில், பள்ளிக்குள் நம்பிக்கை நான்கு விஷயத்தில் நிற்கிறது என்றார்கள்: மரியாதை, அக்கறை, வேலைத் திறமை, சொன்னபடி நடப்பது. அக்கறையில் உங்களுக்குக் குறையே இல்லை. இடிப்பது மரியாதையில். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஒரு அம்மா எழுந்து ‘அந்த டீச்சர் திட்டுறாங்க’ என்று சொன்னதும் அங்கேயே அந்த டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டால், அப்புறம் நீங்கள் எத்தனை வகுப்புக்கு மாற்றாகப் போனாலும் அந்த ஒரு நாள் மறக்காது. புகாரை வாங்கிக்கொள்ளுங்கள், தனியாகக் கேளுங்கள், என்ன ஆச்சு என்று அந்த அம்மாவுக்கும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அடுத்த தேர்வு வினாத்தாளை அவர்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளட்டும். சிவப்புப் பேனாவை எடுக்கக் கை துறுதுறுக்கும், அந்த நேரம் பார்த்துச் சத்துணவுக் கூடம் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.