பூத்துத் தள்ளும் மிளகாய், காய் மட்டும் இல்லை

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் ஒரு ஏக்கர் மிளகாய். போன வருஷம் நன்றாகக் காய்த்த ஹைப்ரிட்டில் பழம் எடுத்து, அந்த விதையில் நாற்று விட்டேன். நட்டு 75 நாள் ஆகிறது. நாலைந்து செடிக்கு ஒன்று பூத்துத் தள்ளுகிறது, காய் இல்லை. பிடிக்கிற ஒன்றிரண்டும் சுருண்டு, விதையே இல்லாமல் இருக்கிறது. உரக்கடையில் கொடுத்த போரானும் பூ உதிராமல் இருக்கும் மருந்தும் இரண்டு தரம் அடித்தாயிற்று. அடுத்து என்ன அடிக்கலாம்?

பதில்: எதுவும் அடிக்க வேண்டாம். காலை ஒன்பது மணி வாக்கில் வயலில் இறங்கி, அன்று விரிந்த பூவைக் காய்க்கிற செடியில் ஒன்றும் காய்க்காத செடியில் ஒன்றுமாகப் பறியுங்கள். நல்ல பூவில் ஐந்தாறு மகரந்தப்பைகள் நீலம் பாய்ந்து, உப்பி, நீளவாக்கில் வெடித்திருக்கும். செல்போனின் கறுப்புக் கண்ணாடியில் தட்டினால் வெளிர் தூள் ஒட்டும். மற்றதில் பைகள் சூம்பிக் கிடக்கும். எத்தனை தட்டினாலும் தூள் விழாது. அப்படியானால் அது மகரந்தமே உண்டாகாத ஆண்மலட்டுச் செடி.

இன்னும் உறுதி வேண்டுமென்றால், நல்ல செடியின் தூளை எடுத்து மலட்டுச் செடியில் பத்துப் பூக்களின் சூல்முடியில் (நடுவில் நீண்டிருக்கும் பெண் பாகத்தின் நுனியில்) தடவி, காம்பில் நூல் கட்டிவையுங்கள். பத்து நாளில் பிஞ்சு இறங்கினால் பெண் பாகம் சரி, மகரந்தம்தான் இல்லை. அதுவும் உதிர்ந்தால் வெயில், இலைப்பேன், வேர் என்று வேறு பக்கம் தேட வேண்டும். அவற்றின் பாதிப்பு வயல் முழுக்கவோ திட்டுத் திட்டாகவோ தெரியும்; அடுத்தடுத்த செடியில் ஒன்று காய்த்து ஒன்று மலடாக நிற்காது. இதழ் பச்சையாகி இலை மாதிரி மாறியிருந்தால் கதை வேறு, அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் வரும் நோய். அந்தச் செடியை உடனே பிடுங்கி அழியுங்கள்.

உங்கள் வயலின் கோளாறு விதையிலேயே வந்தது. மிளகாய்ப் பூ சின்னது. ஒவ்வொன்றிலும் மகரந்தப்பையைக் கையால் கிள்ளிவிட்டு வேறு செடியின் மகரந்தத்தைத் தடவினால் கூலி கட்டாது. அதனால் பல ஹைப்ரிட்டுகளுக்கு ஆண்மலட்டுச் செடியையே தாயாக வைக்கிறார்கள். லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் சிஎச்-1 ஹைப்ரிட்டுக்குத் தாய், எம்எஸ்-12 என்ற மலட்டு வரிசை. தகப்பன் வழி மரபணு முதல் தலைமுறையான ஹைப்ரிட்டில் மலட்டை மறைத்துவிடும். அதிலிருந்து விதை எடுத்தால் நாலில் ஒன்று மலடாகப் பிரியும். வரிசையாக 100 செடி எண்ணுங்கள். 25-ஐ ஒட்டி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பூ உதிராமல் இருக்க அடிக்கிற என்.ஏ.ஏ. என்ற ஹார்மோன் மருந்து பூ உதிர்வதைத் தள்ளிப்போடும். இல்லாத மகரந்தத்தை அது கொண்டுவராது. போரானும் அப்படியே. இன்னொன்று, சில மலட்டு வகைகள் மார்கழிக் குளிரில் கொஞ்சம் மகரந்தம் விடும். அப்போது நாலு காய் பிடித்தால் மருந்து வேலை செய்துவிட்டது என்பார்கள், நம்பாதீர்கள். என்ன விதை என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலை எடுத்து நீட்டியது கடைக்காரர் செய்த தப்பு.

இப்போது கையில் இருப்பது தேனீ மட்டுமே. பக்கத்துச் செடிகளில் மகரந்தம் இருக்கிறது, கொண்டுவந்து சேர்க்கத்தான் ஆள் வேண்டும். பூக்கிற காலத்தில் காலையில் பூச்சிமருந்து அடிப்பதை அறவே நிறுத்துங்கள். தவிர்க்க முடியாவிட்டால் சாயங்காலம் மட்டும். முடிந்தால் இரண்டு தேனீப் பெட்டி வையுங்கள். மலட்டுச் செடியில் பிடித்த பழத்தில் மட்டும் விதை எடுத்துவிடாதீர்கள். அடுத்த முறை மூன்றில் ஒன்று மலடாகும்.

சொந்த விதைதான் வேண்டுமென்றால் அதற்குக் கோவில்பட்டி கே-1, உங்கள் பக்கத்து முண்டு, சம்பா என்று ஹைப்ரிட் அல்லாத ரகங்கள் இருக்கின்றன. ஹைப்ரிட்டுக்கு ஏக்கருக்கு 100 கிராம் போதும், ரகத்துக்கு 400 கிராம் வேண்டும். சொந்த விதைக்கு அது ஒரு செலவே இல்லை. வேறு மகரந்தம் கலக்காமலிருக்க, வேறு மிளகாய் வயலிலிருந்து 200 மீட்டராவது தள்ளி விதைக்கு விடும் செடிகள் இருக்கட்டும். அந்த இடம் இல்லாதவர்கள் பூக்கும் முன்பே சில செடிகளை நைலான் வலையால் மூடிவிடலாம். பூ விரியத் தொடங்கியதும் மகரந்தப்பையைத் தட்டிப் பார்த்து, தூள் விழாத செடியையும் இலை சுருண்ட செடியையும் பிடுங்குங்கள். இரண்டாம், மூன்றாம் பறிப்பில் செடியிலேயே பழுத்த பழமாக எடுத்து, விதையை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு காற்றுப் புகாமல் அடையுங்கள்.

உங்கள் சேதம் நீங்களே எடுத்த விதையால் வந்தது, யாரிடமும் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் இதே இரண்டாம் தலைமுறை விதையை ஹைப்ரிட் என்று சொல்லி உதிரியாக நிறுத்து விற்கிறவர்கள் உண்டு. அது பச்சை மோசடி. லாட் எண் (எந்தத் தொகுப்பு விதை என்று காட்டும் எண்) இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். பில்லையும் காலி உறையையும் கொஞ்சம் மிச்ச விதையையும் அறுவடை முடியும் வரை வைத்திருந்தால்தான் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க முடியும்.