ஸ்டாக் செய்த ஓரியன் படம் ஏன் இருட்டாக இருக்கிறது?

40 ரா படங்களை (கேமராவின் பதப்படுத்தாத கோப்புகள்) டீப்ஸ்கைஸ்டாக்கர் மென்பொருளில் ஒன்றாக அடுக்கியும் (ஸ்டாக் செய்தும்) ஓரியன் நெபுலா ஒற்றைப் படத்தைவிட இருட்டாக இருக்கிறது என்கிறீர்கள். கவலை வேண்டாம், ஸ்டாக் கெடவில்லை. ஒற்றைப் படத்தைக் கேமராவே கர்வ் (வெளிச்சத்தை உயர்த்தும் சரிசெய்தல்) போட்டு வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. ஸ்டாக் கோப்பில் அது கிடையாது. ஸ்டாக்கிங் இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரகரப்பைத்தான் குறைக்கும், 40 படத்துக்கு ஏறத்தாழ 6 மடங்கு.

ஸ்டாக்கிங்கில் கிடைத்த டிஃப் (TIFF) படக் கோப்பை சிரில் (Siril) என்ற மென்பொருளில் திறங்கள், இலவசம்தான். முதலில் பின்னணிச் சாய்வை (வானப் பின்னணியில் சீரற்றுப் பரவிய வெளிச்சத்தை) நீக்குங்கள், அப்புறம் நிறத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்ட்ரெச், அதாவது மங்கலான பகுதிகளை இழுத்து வெளிச்சமாக்குவது, அதற்குப் பிறகுதான். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்ட்ரெச் செய்தால் தெருவிளக்கின் ஒளிப்படலமும் சேர்ந்தே மேலே வரும். கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) இடது முனை வெட்டுப்படக் கூடாது, நெபுலாவின் மங்கலான சிறகுப் பகுதி அங்கேதான் இருக்கிறது. நடுவிலுள்ள ட்ரப்பீசியம் நட்சத்திரக் கூட்டம் ஒற்றைப் படத்திலேயே வெளுத்திருந்தால் மீட்க முடியாது. அடுத்த முறை 5 வினாடிப் படங்கள் சிலவும் எடுத்துவையுங்கள்.