கற்பூரச் சத்தியம் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் தம்பிக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், சம்பளம் 32,000. கொரோனா நேரத்தில் ஆன்லைன் ரம்மி பழகினான். 2023-ல் ஆறு லட்சம் கடன் என்று தெரியவந்தது. அப்பா ஊரிலிருந்த மனையை விற்று மொத்தத்தையும் அடைத்தார். குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தான். எட்டு மாதம் ஒழுங்காக இருந்தான். இப்போது மறுபடியும் 5,80,000. ரம்மியைத்தான் தடை செய்துவிட்டார்களே என்றால், டெலிகிராமில் வந்த ஏதோ லிங்க் என்கிறான். என் நகையை அடகு வைத்துக் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. இதெல்லாம் டோபமைன் கோளாறு என்கிறார்களே, உண்மையா? மூளைக் கோளாறு என்றால் மனவுறுதியால் என்ன பயன்? ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா? போனைப் பிடுங்கி வைக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

டோபமைனை முதலில் முடித்துவிடுவோம். ஆசையைத் தூண்டும் மூளை ரசாயனம் அது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கு மூளை அதிகம் துள்ளும், சூதாட்டம் அதைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு, சூதாட்டத்தை மதுவும் போதைப்பொருளும் இருக்கும் அத்தியாயத்துக்கே மாற்றிவிட்டது. நோய்தான், சந்தேகம் வேண்டாம். ஆனால் டோபமைன் பற்றி இருபது வீடியோ பார்த்தாலும் உங்கள் தம்பியின் இன்றைய ராத்திரி மாறப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு வரி. "மொத்தத்தையும் அடைத்தார்." கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

அதே கையேடு இந்த நோய்க்கு ஒன்பது அடையாளங்கள் சொல்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் அவற்றில் நான்கு இருந்தாலே நோய். விட்டதைப் பிடிக்க மறுநாளே திரும்பி வருவது ஒன்று. மறைக்கப் பொய் சொல்வது ஒன்று. ஒன்பதாவது, சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியிலிருந்து தப்பிக்க அடுத்தவர் பணத்தை நம்பியிருப்பது. மனையை விற்று அடைத்ததை நீங்கள் எல்லோரும் வைத்தியம் என்று நினைத்தீர்கள். அது நோயின் பட்டியலில் இருக்கிறது, அம்மா.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடன்காரன் வாசலில் நின்று கத்தும்போது பெற்றவர் வேறென்ன செய்வார்? ஆனால் அன்று நடந்ததைத் தம்பியின் பக்கமிருந்து பாருங்கள். ஆறு லட்சத்தை விட்டவருக்கு ஒரே நாளில் ஆறு லட்சம் திரும்பி வந்தது. ராத்திரி ராத்திரியாக அவர் தேடிய பெரிய கை அதுதான், வீட்டிலேயே விழுந்துவிட்டது. அடுத்து, கடன் ஆப்களும் கிரெடிட் கார்டுகளும் ஒழுங்காக அடைத்தவருக்கு வரம்பை ஏற்றிக் கொடுப்பவை. அப்பா அடைத்த சூட்டிலேயே "உங்களுக்குப் புதிய கடன் தயார்" என்று எஸ்எம்எஸ் வந்து நிற்கும். மூன்றாவதுதான் மோசம். முதல் தடவை ஒப்புக்கொள்ளும்போது பெரும்பாலும் யாரும் முழுத் தொகையைச் சொல்வதில்லை. ஆறு லட்சம் என்றால் ஏழாக இருக்கும். வெட்கத்தில் சொல்லாமல் விட்ட அந்த ஒரு லட்சத்துக்கு வட்டி ஓடும். "அதை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடலாம்" என்றுதான் மறுபடி உட்காருவார்கள். எட்டு மாதம் எப்படி முடிந்தது என்று அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே இந்தமுறை பணத்தை எடுக்கும் முன் பட்டியலை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று, யார் எங்கே என்ன கடன் வாங்கினார் என்பதைப் பதிந்துவைக்கும் கம்பெனிகள் நான்கு. நான்கும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நான்கையும் அவரையே இறக்கித் தரச் சொல்லுங்கள். ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கும். கைமாற்று, மீட்டர் வட்டி, அடகுக்கடைச் சீட்டு, எடுத்த சீட்டுப் பணத்தின் பாக்கித் தவணை எதுவும் அதில் வராது. அவற்றைத் தனித்தாளில் எழுத வேண்டும்.

கூடவே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்ட். தொகையை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். இரவு 11.47-க்கு 500, 11.58-க்கு 1,000, 12.09-க்கு 2,000, 12.31-க்கு 5,000 என்று ஏறிக்கொண்டே போனால், விட்டதைத் துரத்தியது அங்கே அப்படியே பதிந்திருக்கிறது. ரம்மியில் பதின்மூன்று சீட்டில் பன்னிரண்டு சேர்ந்து, ஒரு சீட்டுக்குக் காத்திருக்கும்போது எதிராளி தன் சீட்டெல்லாம் சேர்ந்துவிட்டது என்று டிக்ளேர் செய்வான். தோற்றவருக்கு அது தோல்வியாகவே தெரியாது, "ஒரு சீட்டில் போச்சு" என்றுதான் தெரியும். கிட்டத்தட்ட ஜெயித்த தோல்விதான் ஆளை மேசையில் உட்கார்த்திவைக்கிறது. சும்மா தோற்றிருந்தால் எழுந்துவிடுவார்.

தடையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின. டெலிகிராம் லிங்கில் வருபவை வேறு ரகம். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்குப் பணம் போகும். ஜெயித்தாலும் "வரி கட்டினால்தான் எடுக்க முடியும்" என்று இன்னும் கேட்பார்கள். அப்படிக் கேட்டிருந்தால் அது சைபர் மோசடி, அதற்கான உதவி எண் 1930-க்கு உடனே சொல்லுங்கள்.

போனைப் பிடுங்காதீர்கள். மெர்ச்சண்டைசருக்குப் போன் இல்லாமல் வேலையே ஓடாது, நான்காம் நாள் இன்னொன்று வாங்கிவிடுவார். பிடிக்க வேண்டியது பணம் போகும் வழியை. டெபிட், கிரெடிட் கார்டுகளில் ஆன்லைன் பரிவர்த்தனையை பேங்க் ஆப்பிலேயே அணைக்கலாம். யுபிஐ தினசரி வரம்பைச் சில வங்கிகளில் இறக்கலாம், உங்கள் வங்கியில் கேளுங்கள். கிரெடிட் கார்டை எழுத்தில் கேட்டு மூடுங்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். சம்பளம் ஏறிய அன்றே பெரும்பகுதி உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி அவரே உத்தரவு போடட்டும். அவர் சம்மதித்து, ஆறு மாதத்துக்கு என்று எழுதிக் கையெழுத்திட்டுச் செய்ய வேண்டியது இது. மிரட்டிச் செய்தால் நிற்காது. பெட்ரோல், சாப்பாட்டுக்கு வாரக்கூலி மாதிரி வாராவாரம் கொடுங்கள்.

கடனை அவர் சம்பளத்திலிருந்தே அடைக்கட்டும். மாதம் 12,000 போனால் 5,80,000-க்கு வட்டி சேராமலே நான்கு வருடம் ஆகும். ஆகட்டும். கடன் கொடுத்தவர்களிடம் நீங்களும் கூடப் போய் தவணையை நீட்டிக்கக் கேளுங்கள். பணத்தை அவர் கையில் தராமல் நேராகக் கட்டி, முடிந்த ஒவ்வொன்றுக்கும் பாக்கி இல்லை என்ற நோ டியூ கடிதம் வாங்குங்கள். எல்லாக் கடனையும் ஒன்றாக்க ஒரு பெரிய கடன் எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். எடுக்காதீர்கள். ஐந்து லட்சம் அவர் கணக்கில் ஒரே ஒரு ராத்திரி தங்கினாலும் ஆபத்து.

சத்தியத்துக்கு வருகிறேன். இனி ஒரு சத்தியமும் வாங்காதீர்கள், தயவுசெய்து. சத்தியம் செய்தவர் ஒருநாள் 200 ரூபாய் ஆடிவிட்டால், 200 ரூபாய் தவறு அங்கே குலதெய்வத்தை ஏமாற்றிய பாவமாகிவிடுகிறது. அதை வெளியே சொல்ல முடியாது. மறைப்பார். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று 20,000 ஆடுவார். சத்தியம் ஆட்டத்தை நிறுத்தவில்லை, சொல்லும் வாயைத்தான் கட்டியது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பேச்சு வையுங்கள்: வழுக்கினால் 24 மணி நேரத்துக்குள் உன் அக்காவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு கிடையாது. இதைக் காப்பாற்றுவது உங்களுக்குத்தான் கஷ்டம். முதல் தடவை அவர் வந்து சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துத்தான் இரண்டாம் தடவை சொல்வதா என்று முடிவு செய்வார். மனவுறுதி என்று கேட்டீர்களே, அது தேவைப்படும் இடம் சின்னது: ஆசை மூண்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்கோ டீக்கடைக்கோ போய்விட வேண்டும். முதல் இரண்டு வாரம் தூக்கம் வராது, எரிந்து விழுவார். சம்பள நாளும் சனிக்கிழமை ராத்திரியும் ரொம்பக் கவனம்.

மற்ற எல்லாவற்றையும் விட இது அவசரம். மாட்டிக்கொண்ட வாரமும், கடன் வசூல்காரர்கள் சொந்தக்காரர்களுக்குப் போன் போடும் நாளும் உயிருக்கு ஆபத்தானவை. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோட்டத்து வீடு என்றால் பூச்சிமருந்தை இன்றே வெளியேற்றுங்கள். 14416, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும். தோணுகிறது என்றாலோ, குடியும் சேர்ந்திருந்தாலோ தயங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சேர்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் வாரம் ஒருமுறை என்று சில மாதம் பேச்சு சிகிச்சைக்குப் போனால் போதும். நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை சிலருக்கு உதவுகிறது, அதை டாக்டர் முடிவு செய்வார். மனநோய்க்குத் தரும் அரிப்பிப்ரசோல் போன்ற மருந்து ஏதாவது ஏற்கெனவே சாப்பிடுகிறாரா என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அரிதாகச் சிலருக்கு அதுவே சூதாட்ட வெறியைக் கிளப்பும்.

அம்மாவிடம் பேசுவதுதான் உங்களுக்குக் கடினம் என்று தெரிகிறது. பிள்ளையை அவமானத்திலிருந்து காப்பாற்றத்தான் நகையைக் கேட்கிறார். நான்கு அறிக்கைகளையும் அந்தத் தனித்தாளையும் அவர் முன்னால் வைத்து, தம்பியையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும், பீரோ சாவி உங்களிடம் இருக்கட்டும். அடுத்த சம்பளத் தேதிக்குள் பேங்க் வேலையை முடித்துவிட்டு எழுதுங்கள்.