தரம் 5 புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் பாராட்டு விழா வைப்பதால் உண்மையில் பயன் உண்டா?

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் படிப்பித்த ஆசிரியர்களுக்கும் கோயில் மண்டபத்தில் விழா எடுக்கத் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து பணம் திரட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தை இதைவிட நல்ல வழியில் செலவழிக்கலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. மலையகப் பாடசாலைகளில் நீண்டகாலம் படிப்பித்தவன், பரிசளிப்பு விழாக் குழுக்களில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விழாவைக் கட்டாயம் வையுங்கள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு அவசர அவசரமாக முகம் கழுவி வந்து பின்வரிசையில் உட்காரும் ஒரு அம்மா, ஒலிபெருக்கியில் பிள்ளையின் பெயரோடு தன் பெயரும் வாசிக்கப்படுவதைக் கேட்கிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தைத் தவிர வேறெங்கும் அவருடைய பெயரை யாரும் உரக்கக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே விழா வைக்கலாம். ஆனால் திரட்டிய பணத்தில் கால்வாசிக்கு மேல் அதில் போகக்கூடாது. பெனர், பொன்னாடை, பிரமுகர்களுக்குச் சாப்பாடு என்று ஆரம்பித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

யாரை மேடையேற்றுவது என்பதிலும் கொஞ்சம் யோசியுங்கள். 200 புள்ளிக்கு நடக்கும் பரீட்சை அது. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறும். பெரிய பாடசாலைகளுக்கு அனுமதி கொடுக்கவும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுக்கவும் போடும் கோடு அது. ஒரு புள்ளியில் தவறவிட்ட பிள்ளை பக்கத்து மாவட்டத்தில் எழுதியிருந்தால் தாண்டியிருக்கலாம். பத்து வயதில் அந்தப் பிள்ளையை இருட்டில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு)ப் பிள்ளைக்கு மாலை போடுவது எனக்குப் பிடிக்காத காரியம். 70 புள்ளிக்கு மேல் எடுத்த எல்லாரையும் கூப்பிடுங்கள். வருடத் தொடக்கத்தில் எழுத்துக்கூட்டி வாசித்து, வருடக் கடைசியில் கட்டுரை எழுதிய பிள்ளை ஒன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். அது யார் என்று வகுப்பாசிரியரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். அந்தப் பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருவோம். வழக்கமாகப் பொன்னாடை கிடைப்பது தரம் 5 ஆசிரியருக்கும், நகரத்து டியூஷன் மாஸ்டருக்கும்தான். அவர்களும் உழைத்தவர்கள், மறுக்கவில்லை. ஆனால் தரம் 1இலும் 2இலும் எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சரை யார் நினைக்கிறார்கள்? எங்கள் பழைய தோட்டப் பாடசாலைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். ஒரே நீண்ட மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு கரும்பலகைதான் சுவர். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்லும்போது இந்தப் பக்கம் பாட்டுப் பாட முடியாது. அதற்காகவே தன் பிள்ளைகளைக் காலை வெயிலில் வெளியே கூட்டிப்போய், பெயர்ப்பலகையையும் பிஸ்கட் உறையையும் வாசிக்க வைத்த ஒரு டீச்சரோடு நான் வேலை செய்திருக்கிறேன். பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறி வருவார். நகரத்துக்கு மாற்றம் கேட்க எல்லாக் காரணமும் இருந்தும் கேட்கவில்லை. மலையகத்தில் கல்வி வளர்ந்தது இப்படித் தங்கிவிட்டவர்களால்தான். 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தார்கள். முதலில் கிடைத்த மாதக் கொடுப்பனவு வெறும் 6,000 ரூபா. பஸ் காசுக்கே போதாத அந்தப் பணத்தில் வந்து படிப்பித்தவர்கள் இன்னும் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அமைச்சின் குரு பிரதீபா பிரபா விருது ஒரு சிலருக்குத்தான் போய்ச் சேரும். மற்றவர்களைத் தோட்டம்தான் கண்டுகொள்ள வேண்டும். பொன்னாடைக்குப் பதிலாக, "டீச்சர், வகுப்புக்கு என்ன வேண்டும்?" என்று ஒரு மாதம் முந்தியே கேளுங்கள். பெரும்பாலும் போட்டோகொப்பி தாள் என்றோ, பூட்டு உள்ள ஒரு அலுமாரி என்றோதான் பதில் வரும்.

ஆசிரியருக்குக் கிடைக்கும் மதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் படிப்பித்து அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் சேர் ஒருவரே போதும். அவரிடம் படித்தவர்கள் ஊர் ஊராகப் போய் ஆசிரியர்களானார்கள்.

இனி மீதிப் பணம். அதை எங்கே போடுவது என்று கேட்டால், சாதாரண தரத்துக்குப் பிறகு வரும் இரண்டு வருடத்தில் என்பேன். நம்முடைய கெட்டிக்காரப் பிள்ளைகளை அதிகம் இழப்பது அங்கேதான். தோட்டப் பாடசாலைகளில் பல தரம் 11உடன் முடிந்துவிடும். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் படிக்க அந்தப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், அது நகரத்தில் இருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதற்பாடம் தவறிப்போகும் தோட்டங்கள் உண்டு. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ எடுத்த ஒரு மாணவி பஸ் வசதியைப் பார்த்துப் பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்ந்தாள். அவளுடைய படம் போட்ட பெனர் அப்போதும் சந்தியில் தொங்கிக்கொண்டிருந்தது. கலைப்பிரிவு குறைந்தது என்று நான் சொல்லவில்லை, அவள் நன்றாகவே படித்தாள். ஆனால் அவள் விரும்பியது பொறியியல். நகரத்தில் தங்கிப் படிக்கும் போடிங் கட்டணத்துக்கு ஒரு வழி இருந்திருந்தால் அந்த முடிவை அவளே எடுத்திருப்பாள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு உயர்ந்த பிறகும், வேலை கிடைக்காத நாளுக்குச் சம்பளம் இல்லை. அந்த வருமானத்தில் போடிங், டியூஷன் இரண்டையும் ஒரு குடும்பம் எப்படிச் சமாளிக்கும்? பல்கலைக்கழகம் போய்விட்டால் 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அதுவரைக்கும் கைகொடுக்க ஆள் வேண்டும். உயர்தரப் பிள்ளைகளுக்கு ஜனாதிபதி நிதியத்தின் மாதாந்தப் புலமைப்பரிசிலும் உண்டு. அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்க வைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

பணம் இல்லாமலே செய்யக்கூடிய பெரிய உதவிகளும் உண்டு. லயன் வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாததால் கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய்த் தங்கிவிடும். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த கதைகள் மலையகத்தில் ஏராளம். உங்கள் குழுவில் ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவை அங்கே போய்க் கேட்டு வந்தாலே போதும். பல்கலைக்கழக விண்ணப்பம் இன்னொன்று. பெரும்பாலான பாடநெறிகளின் அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டம், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி இந்தக் கடைசிப் பட்டியலில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. எந்தப் பாடநெறியை முதலில் போடுவது என்பதில் பிழை விட்டால், அனுமதிக்குப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளி நன்றாக இருந்தும் வீணாகும். அம்மா அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத விஷயம் இது. உங்கள் பக்கத்திலிருந்து பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போன அண்ணன், அக்கா யாராவது இருப்பார்கள். விண்ணப்பக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டி வந்து பிள்ளைகளோடு உட்கார வையுங்கள்.

வங்கிக் கணக்கை இரண்டு பேரின் கையொப்பத்தில் திறவுங்கள், ஒருவர் அதிபராக இருந்தால் நல்லது. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மேடையில் வாசிக்க வேண்டாம். மொத்தக் கணக்கை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த வருடமும் ஆட்கள் காசு தருவார்கள்.